கிரானைட் தரையைப் பெயர்க்க வேண்டாம். பூச்சு மணலைப் பாருங்கள்

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில், கேரள எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு கட்டி முடித்திருக்கிறோம். ஆவணியில் பால்காய்ச்சு. ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் இளஞ்சிவப்பு கிரானைட், அடுக்களை மேடைக்குக் கறுப்பு கிரானைட் போட்டிருக்கிறோம். என் நாத்தனார் மகன் கையடக்கக் கதிர்வீச்சு மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். தரைமேல் வைத்தால் 0.28, ஹால் நடுவில் இடுப்பு உயரத்தில் 0.19, வீட்டுக்குப் பின்னால் பூச்சு வேலையில் மிஞ்சிக் கிடக்கும் மணல்மேல் 0.62 மைக்ரோசீவர்ட் காட்டியது; எல்லாம் மணிக்கணக்கு. கிரானைட்டால் புற்றுநோய் வரும், பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுங்கள் என்கிறான். மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. ஒன்றரை லட்சம் ரூபாய்க் கல். பெயர்க்கத்தான் வேண்டுமா? கடைக்காரர் 'ரேடியேஷன் ஃப்ரீ' என்று எழுதித் தந்த சீட்டை நம்பலாமா? அடுக்களை மேடையில் மாவு பிசையலாமா?

பதில்: பெயர்க்க வேண்டாம். உங்கள் மருமகள் அந்தத் தரையில் நடக்கலாம், பாய் விரித்துப் படுக்கலாம். பிறக்கப்போகும் குழந்தை அதில் தவழலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களை நிதானமாகப் படியுங்கள்.

ஆனால் மூன்று அளவுகளை எழுதிவிட்டு முதல் அளவைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். என் கண் நின்றது மூன்றாவதில்தான். கிரானைட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டிய அந்த மணல் எங்கிருந்து வந்தது, எத்தனை கூடை எந்த அறைப் பூச்சில் சேர்ந்தது, கான்கிரீட்டிலோ அடித்தள நிரப்பலிலோ போனதா என்று கொத்தனாரிடம் இன்றே கேளுங்கள். பூச்சுக்கான அரைத்த கல் மணல், அதாவது பி சாண்ட், லாரியில் வரத் தாமதமாகும் நாளில், வேலை நிற்கக்கூடாதென்று கடற்கரைப் பக்கத்து நைஸ் மணலை அரை டெம்போ இறக்கிக்கொள்வது உங்கள் பகுதியில் நடக்கிற காரியம். கோபப்படாமல் கேட்டால் உண்மையைச் சொல்வார்.

முதலில் கல்லைப் பார்ப்போம். பூமி உருவான நாளிலிருந்தே பாறையில் தங்கியிருக்கும் கதிரியக்கப் பொருள்களில் முக்கியமானவை மூன்று: யுரேனியம்-238, தோரியம்-232, பொட்டாசியம்-40. இவற்றின் அரை ஆயுள் முறையே 447 கோடி, 1,405 கோடி, 125 கோடி ஆண்டுகள். அதனால்தான் இன்றும் தீராமல் இருக்கின்றன. இவை இல்லாத கல் கிடையாது, மண் கிடையாது, செங்கல் கிடையாது. நம் உடம்பிலேயே பொட்டாசியம்-40 உண்டு. வளர்ந்த ஒருவர் உடலில் அது ஏறக்குறைய 4,000 பெக்கரல் இருக்கும். பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது. நீங்கள் சாப்பிடும் ஒரு ஏத்தன்பழத்திலேயே பத்துப் பதினைந்து பெக்கரலுக்குக் குறையாது.

உலகத்து மண்ணின் நடுவளவை எடுத்தால் கிலோவுக்கு ரேடியம் 35, தோரியம் 30, பொட்டாசியம் 400 பெக்கரல். ரேடியம் என்பது யுரேனிய வரிசையில் வருவது. வீட்டுக் கணக்கில் யுரேனியத்துக்குப் பதிலாக அதைத்தான் எடுப்பார்கள். இளஞ்சிவப்பு கிரானைட்டுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது பொட்டாசியம் கலந்த ஃபெல்ஸ்பார். கல்லில் ஒரு சதவீதம் பொட்டாசியம் இருந்தால் கிலோவுக்கு 313 பெக்கரல். நான்கு சதவீதம் இருந்தால் 1,250. கணக்குக்காக உங்கள் கல்லுக்கு ரேடியம் 50, தோரியம் 70, பொட்டாசியம் 1,250 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கிரானைட்டுக்கு இது பொருத்தமான அளவு. யுரேனியமும் தோரியமும் நிறத்தில் தெரியாது. சிர்கான், அல்லனைட், மோனசைட் போன்ற கண்ணுக்கு எட்டாத சிறு மணிகளில் அவை இருக்கும். ஆகவே சிவப்பென்றால் ஆபத்து, வெள்ளையென்றால் நல்லது என்று கடையில் யாராவது சொன்னால் பாதிதான் சரி.

கறுப்பு கிரானைட்டின் கதை வேறு. வணிகத்தில்தான் அது கிரானைட். கல்லின் இனப்படி அது டோலரைட் அல்லது கேப்ரோ. ஓங்கோலுக்குப் பக்கத்தில் சீமகுர்த்தியில் வெட்டியெடுக்கும் பிளாக் கேலக்ஸியும் இந்தக் கூட்டம்தான். பொட்டாசியமும் தோரியமும் யுரேனியமும் இதில் மிகக் குறைவு. உங்கள் அடுக்களை மேடையைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

இனி எடை. வீட்டுக் கதிரியக்கத்தில் எல்லோரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். 18 மில்லிமீட்டர் கிரானைட் பலகை சதுர மீட்டருக்கு 48 கிலோ வரும். மேலே இருக்கும் ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ. அதற்குமேல் நாலு பக்கச் சுவர். அறையில் நிற்கிறவரைச் சுற்றி இருக்கும் பொருளில் தரைக்கல்லின் பங்கு சிறியது. பளபளப்பாகக் கண்ணுக்குத் தெரிவதால் பழி அதன்மேல் விழுகிறது.

ஐரோப்பிய ஆணையம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கான கணக்கு இருக்கிறது. நான் மேலே சொன்ன கல்லை மூன்று சென்டிமீட்டர் கனத்தில் அறையின் நான்கு சுவரிலும் ஒட்டினால் கூடுதலாக வருவது மணிக்கு 28 நானோகிரே (கிரே என்பது உள்வாங்கும் கதிர் ஆற்றலின் அளவு; உடல்மீது அதன் விளைவைச் சொல்வது சீவர்ட்). ஆண்டுக்கு 7,000 மணி நேரம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தால் 0.14 மில்லிசீவர்ட். உங்களுடையது தரை மட்டும், கனமும் 18 மில்லிமீட்டர்தான். அது 0.05 மில்லிசீவர்ட்டை ஒட்டி நிற்கும். உலகத்தில் சராசரி மனிதர் ஒருவர் இயற்கையிடமிருந்து ஆண்டுக்குப் பெறுவது 2.4 மில்லிசீவர்ட். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு உறுப்புக் குறைபாடு போன்ற பாதிப்பு 100 மில்லிகிரேவுக்குக் கீழே எதிர்பார்க்கப்படுவதில்லை என்பது பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. நூற்றுக்கும் 0.05-க்கும் இடையே இரண்டாயிரம் மடங்கு தூரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தரையைப் பெயர்ப்பதில்தான் உண்மையான கேடு இருக்கிறது. கிரானைட்டையும் அதன் கீழுள்ள சாந்தையும் மெஷினால் உடைத்தால் கிளம்பும் பொடியில் சிலிக்கா இருக்கும். நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ், புற்றுநோய் இரண்டுக்கும் வழி. ஆறு மாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் 0.05 மில்லிசீவர்ட்டை மிச்சப்படுத்த இரண்டு வாரம் கல் பொடியைப் பறக்கவிடுவது தப்பான வியாபாரம். பெயர்த்துவிட்டுப் போடச் சொல்லும் டைல்ஸ் மட்டும் சுத்தமா? வெள்ளை மெருகுக்காக டைல்ஸில் சிர்கான் பொடி சேர்ப்பார்கள். சிர்கானில் யுரேனியமும் தோரியமும் உண்டு. அதுவும் பயப்படத் தேவையில்லாத அளவுதான். டைல்ஸ் போட்டால் கதிர்வீச்சே இல்லை என்பது மட்டும் உண்மையல்ல.

மீட்டரைப் பற்றி. தரைமேல் வைத்து அளந்த 0.28 உங்களுக்குப் பயன்படாத எண். கையடக்க மீட்டருக்குள் இருப்பது கதிரை எண்ணும் சிறிய கைகர் குழல். அதைக் கல்லோடு ஒட்டி வைத்தால் பொட்டாசியத்தின் பீட்டா துகளும் உள்ளே நுழைந்து எண்ணிக்கையை ஏற்றிவிடும். பீட்டா ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் வயிற்றை எட்டுவதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். எட்டினாலும் தோலைத் தாண்டி ஆழப் போகாது. ஆள் வாழும் இடம் அறை நடுவில், ஒரு மீட்டர் உயரம். அங்கே 0.19. அதில் விண்ணிலிருந்து வரும் பங்கு மட்டும் சுமார் 0.03, மீட்டர் சும்மா இருக்கும்போதே எண்ணுகிற சொந்த எண்ணிக்கையும் சேர்ந்திருக்கும். கருங்கல்லும் செம்மண்ணும் நிறைந்த ஊரில் இது அசாதாரணமான எண்ணே அல்ல.

நாத்தனார் மகனை இன்னொருமுறை அழைத்து, முறையாக அளக்கச் சொல்லுங்கள். சிறிய குழல் நிமிடத்துக்கு இருபத்தைந்து துடிப்பு எண்ணினால் அதில் ஐந்து கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது இருபது சதவீதம் பிசகு. பத்து நிமிடம் விட்டால் 250 துடிப்பு, பிசகு ஆறு சதவீதமாகக் குறையும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு படுக்கையறையின் நடுவிலும், ஹாலிலும், முற்றத்திலும், நீங்கள் இப்போது குடியிருக்கும் பழைய வீட்டிலும், எல்லாம் ஒரே மீட்டரால், ஒரே உயரத்தில். மலிவான மீட்டரின் தனி எண்ணை நம்ப முடியாது. ஆனால் ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை அது ஓரளவு சரியாகவே சொல்லும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இப்போது மணலுக்கு வருகிறேன். மணவாளக்குறிச்சி முதல் கொல்லம் மாவட்டத்துச் சவறா வரை கடலோர மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் ஆகிய கனிமங்களோடு தோரியம் மிகுந்த மோனசைட்டும் கலந்து கிடக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் இந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்று காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. அதைத் தேடித்தான் மணவாளக்குறிச்சி மணலுக்கு உலகச் சந்தை வந்தது. இப்போது அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கனிமம் பிரிக்கிறது.

நம் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஒன்பது சதவீதம் அளவுக்கு உண்டு. கணக்குப் போட்டால் ஒரு கிலோ மோனசைட்டில் தோரியம் மட்டும் மூன்று லட்சம் பெக்கரலுக்கு மேல். உங்கள் கிரானைட்டில் கிலோவுக்கு எழுபது. இந்தக் கனிமம் தண்ணீரைப்போல் ஐந்து மடங்கு கனம். ஒரு கிலோ என்றால் ஒரு சின்ன டம்ளர் அளவுதான். ஒரு டன் மணலில் அந்த ஒரு டம்ளர் கலந்தால் மணலின் தோரியம் கிலோவுக்கு 320 பெக்கரல் ஆகிவிடும். அந்த மணலில் ஒரு வீட்டின் சுவரும் தளமும் முழுவதும் கான்கிரீட்டாக எழுந்தால், கான்கிரீட் எடையில் மணல் கால் பங்குக்குச் சற்று மேல் என்று கொண்டால், ஆண்டுக்குக் கூடுவது அரை மில்லிசீவர்ட். உங்கள் மொத்த கிரானைட் தரையும் தருவதைப்போல் பத்து மடங்கு, ஒரு டன்னுக்கு ஒரு டம்ளரிலிருந்து. பத்து டம்ளர் கலந்தால் ஐந்து மில்லிசீவர்ட். கல்லைவிட மணலைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான்.

உங்கள் குவியலில் எவ்வளவு இருக்கும்? 0.62-இல் சுற்றுப்புறத்துக்கு 0.15 கழித்தால் 0.47. தோராயமாகத் திருப்பிக் கணக்கிட்டால் தோரியம் கிலோவுக்கு 800 பெக்கரலுக்குப் பக்கம், அதாவது டன்னுக்கு இரண்டரைக் கிலோ மோனசைட். குவியல் சிறியதாக இருந்தால் உண்மை அளவு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மணலைக் கையாலேயே சோதிக்கலாம். சிரட்டையிலோ வட்டத் தட்டிலோ இரண்டு கைப்பிடி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சுழற்றிச் சுழற்றி மேல்மணலை வழியவிடுங்கள். ஆற்று மணலிலும் கொஞ்சம் கறுப்பு மிஞ்சும். ஆனால் கடைசியில் கறுப்பும் சிவப்புமாகப் பிறைபோல் ஒரு பட்டை தங்கினால் அது கடலோர மணல். காயவைத்து, பாலித்தீன் சுற்றிய வலுவான காந்தத்தை மேலே காட்டினால் கறுப்பு இல்மனைட் ஒட்டும். மோனசைட் அப்படித் தாவி ஒட்டாது; தேன் நிறத்தில் உருண்டையாகப் பின்தங்கும். கறுப்பு மணலைக் கண்டு பயப்படுவார்கள். இல்மனைட்டில் கதிரியக்கம் பெரிதில்லை, சிவப்புக் கார்னெட்டிலும் இல்லை. அவை மோனசைட்டின் கூட்டாளிகள் என்பதால் அடையாளம் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

இனி உங்கள் அறைக்குக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறையில் சுவரும் மேல்தளமும் 12 மில்லிமீட்டர் பூசினால் மணல் ஏறக்குறைய ஒரு டன் பிடிக்கும். இந்த மணலே முழுவதும் அந்தப் பூச்சில் போயிருந்தாலும், பூச்சு மெல்லியது என்பதால், அறை நடுவில் மீட்டர் 0.04 அளவுக்குத்தான் உயரும். ஆண்டுக்கு 7,000 மணி நேரம் அங்கேயே இருந்தாலும் 0.2 மில்லிசீவர்ட்டை ஒட்டித்தான். அதுவும் பயப்படும் அளவல்ல. ஆனால் ஏதாவது ஓர் அறையில் மற்ற அறைகளைவிட 0.2-க்கு மேல் கூடுதலாகக் காட்டினால், மணல் பூச்சோடு நிற்கவில்லை, கான்கிரீட்டிலோ தரைக்கடியில் நிரப்பலிலோ போயிருக்கிறது என்று பொருள். அப்போது மணலையும் ஒரு துண்டுச் சாந்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும். வித்தியாசம் 0.1-க்குள் இருந்தால் என் ஆலோசனை பெயின்டும் ஜன்னலும்தான்.

ஏன் பெயின்ட்? தோரியம் சிதையும் வழியில் தோரான் என்ற வாயு பிறக்கிறது. யுரேனிய வரிசையில் பிறப்பது ரேடான். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள், மண்ணிலிருந்தும் தரை வெடிப்பிலிருந்தும் மெல்ல ஏறி, பூட்டிய அறையில் சேரும். தோரானுக்கு 56 நொடிதான். சுவரிலிருந்து ஓரிரு அடி தாண்டுவதற்குள் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆனால் அது விட்டுச்செல்லும் ஈயம்-212 பத்தரை மணி நேர அரை ஆயுளோடு அறைத் தூசியில் ஒட்டி மூச்சில் போகும். 56 நொடி வாயுவைச் சுவருக்குள்ளேயே ஒரு சில நிமிடம் தடுத்து நிறுத்தினால் போதும், வெளியே வருவதற்குமுன் தீர்ந்துவிடும். இரண்டு கோட் புட்டி, பிரைமர், அதன்மேல் இரண்டு கோட் அக்ரிலிக் எமல்ஷன் இந்த வேலையை நன்றாகவே செய்யும். சுண்ணாம்போ டிஸ்டம்பரோ செய்யாது. நுண்துளை அப்படியே இருக்கும். சுவிட்சுப் பெட்டியைச் சுற்றியுள்ள இடைவெளி, சுவரும் தரையும் சேரும் ஸ்கர்ட்டிங் ஓரம், குழாய் நுழையும் துளை எல்லாவற்றையும் அடைத்துவிடச் சொல்லுங்கள்.

அவசரப்பட்டு ஈரச்சுவரில் பெயின்ட் அடிக்காதீர்கள். கடலோர மணலில் உப்பு இருக்கும். ஈரம் உள்ளே இருக்க மேலே மூடினால் உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளித்து உரியும். உரிந்தால் தோரானுக்கும் வழி திறந்துவிடும். பூச்சு முடிந்து நாலு வாரமாவது ஆறட்டும். பெயின்ட்டுக்கு முன்பே சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்தப் பூச்சு எப்படியும் நிற்காது. கதிரியக்கத்துக்காக அல்ல, உப்புக்காக அதைக் கொத்தி எடுத்துவிடுவது நல்லது. தண்ணீர் தெளித்துக்கொண்டே கொத்த வேண்டும், வேலைக்காரர்கள் என்95 மாஸ்க் போட வேண்டும், மருமகள் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்க வேண்டும். அந்த மணல் கான்கிரீட்டில் போயிருந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது உப்பாகத்தான் இருக்கும். கம்பி துருப்பிடித்துத் தளம் வெடிக்கும். கடல் மணலை வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

ரேடானுக்கு ஜன்னல்தான் மருந்து. உங்கள் கிரானைட் தரை சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு பெக்கரல் ரேடான் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது மணிக்கு 11 பெக்கரல். அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். இரண்டு மணிக்கு ஒருமுறை காற்று மாறினாலே கன மீட்டருக்கு ஒரு பெக்கரலைக்கூடத் தொடாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வைத்த வழிகாட்டு அளவு 100. ஆனால் தரையடி மண்ணிலிருந்து வரும் ரேடான் இந்தக் கணக்கில் இல்லை. ஏ.சி. போட்டு இரவு முழுவதும் அடைத்த அறையில் அது கூடும். ஈர வெப்பப் பகுதிக்கு ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. அது இல்லாத அறையில் காலையும் மாலையும் எதிரெதிர் ஜன்னல்களை அரை மணியாவது திறந்து வையுங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் அதை நிறுத்துவது இந்தக் கடிதத்தில் உள்ள எல்லா யோசனையையும்விடப் பெரிய பலன். ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து புகைப்பவருக்குப் புகைக்காதவரைவிட 25 மடங்கு என்று அதே நிறுவனம் கணிக்கிறது.

'கதிர்வீச்சால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புற்றுநோய்' என்ற பேச்சு எல்லையின் இரு பக்கமும் உண்டு. சவறாவை உள்ளடக்கிய கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். மண்ணிலிருந்து வரும் காமா கதிர் கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அங்கே சில இடங்களின் அளவு உங்கள் வீட்டைப்போல் பல மடங்கு. இதை நான் சொல்வது பயம் தெளிவதற்கு. மணலைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு அல்ல. தவிர்க்க முடிந்ததைத் தவிர்ப்பதுதான் எங்கள் துறையின் முறை.

கடைக்காரரின் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். கதிரியக்கம் இல்லாத கல் இல்லை. கேட்க வேண்டியது மூன்று எண்கள் எழுதிய ஆய்வறிக்கை: ரேடியம், தோரியம், பொட்டாசியம், கிலோவுக்கு எத்தனை பெக்கரல். ரேடியத்தை 300-ஆலும், தோரியத்தை 200-ஆலும், பொட்டாசியத்தை 3,000-ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். நான் சொன்ன கல்லுக்கு 0.17, 0.35, 0.42, ஆக 0.94. கான்கிரீட், செங்கல் போன்று சுவராகவே நிற்கும் பொருளுக்கு இது 1-க்குள் இருக்க வேண்டும். தரைக்கல், டைல்ஸ் போன்று மேலே பதிப்பதற்கு 6 வரை போகலாம். வெளிநாட்டுக்குக் கல் அனுப்புகிறவர்களிடம் இந்த அறிக்கை இருக்க வாய்ப்புண்டு, கேட்டால் காட்டுவார்கள்.

நீங்களே அனுப்புவதானால் ஒன்றிரண்டு கிலோ மணலோ கல் துண்டோ போதும். கதிரியக்க அளவீடு செய்யும் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் விசாரியுங்கள். பொடித்து, 110 டிகிரியில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து நாலு வாரம் வைத்த பிறகே எண்ண வேண்டும். மூடியைத் திறந்தால் ரேடான் தப்பிவிடும், அப்போது ரேடியம் குறைவாகத் தெரியும். மறுநாளே முடிவு தருகிறோம் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அறைக் காற்றின் ரேடானை அந்தக் கைகர் மீட்டரால் அளக்க முடியாது. அதற்கு எல்.ஆர்.-115 என்ற படலம் வைத்த சிறு டப்பா உண்டு. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் மூன்று மாதம் தொங்கவிட வேண்டும். ஜன்னல் அடைத்தே கிடக்கும் மழைக்காலம் அதற்குச் சரியான நேரம்.

உங்கள் ஊரில் இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெட்டுகல்லில் பொட்டாசியம் குறைவு. மழையில் பொட்டாசியம் கரைந்துபோன மண் அது. எம் சாண்ட் எந்தக் குவாரிக் கல்லோ அந்தக் கல்லின் கதிரியக்கம்தான் அதற்கு. நிலக்கரிச் சாம்பல் செங்கல்லுக்கும் உர ஆலைக் கழிவான பாஸ்போஜிப்சம் பலகைக்கும் அந்த மூன்று எண் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் அடித்தள நிரப்பல். ஆயிரத்து இருநூறு சதுர அடி வீட்டில் இரண்டு அடி நிரப்ப நூறு டன்னுக்குமேல் மண் போகும். அதில் கடலோர மணல் ஒரு லோடுகூட விழக்கூடாது, செம்மண்ணே போதும். கான்கிரீட் படுகைக்குமுன் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, ஒட்டு விழும் இடத்தில் ஓரடி மேலேற்றிப் போட்டால் ஈரமும் ரேடானும் சேர்ந்தே அடங்கும்.

மிஞ்சிய குவியலை யாருக்கும் கொடுக்காதீர்கள், பின்னால் மாட்டுத்தொழுவம் பூசவும் வேண்டாம். வீட்டை விட்டுத் தள்ளி, கிணற்றுக்கும் தள்ளி, காம்பவுண்டு மூலையில் குழி வெட்டிப் போட்டு மேலே ஒரு அடிக்குக் குறையாமல் மண் மூடுங்கள். அதுவரை ஒரு தார்ப்பாய் போட்டு வையுங்கள். பால்காய்ச்சுக்கு வரும் பிள்ளைகள் மணலைக் கண்டால் விளையாடத்தான் போவார்கள்.

அடுக்களை மேடையில் தாராளமாக மாவு பிசையுங்கள். கல்லின் கதிர் மாவைக் கதிரியக்கமாக்காது, கல்லில் இருப்பது மாவுக்குள் கரைந்து வரவும் செய்யாது. எண்ணெயும் மஞ்சளும்தான் கல்லின் நுண்துளையில் இறங்கிக் கறையாகும். தண்ணீர் சொட்டு ஒன்றை விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அந்த இடம் கறுத்தால் கல்லுக்கு சீலர் தேவை. பால்காய்ச்சுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு கோட் அடித்து ஒருநாள் முழுக்க உலரவிட்டால் போதும்.